சுத்தானந்த பாரதியார்

கவியோகி சுத்தானந்த பாரதியார் (11 மே 1897 – 7 மார்ச் 1990): கவிஞர், பன்மொழிப் புலவர், இதழாசிரியர், இசைப்பாடல் ஆசிரியர். பிறந்த ஊர் சிவகங்கை. இயற்பெயர் வெங்கடசுப்பிரமணியன், பெற்றோர் ஜடாதரர், காமாட்சி.

இதழ்ப்பணி

விடுதலைப் போராட்டக் காலத்தில் சமரச போதினி முதலிய இதழ்களில் எழுதியும் ஆசிரியராக இருந்தும் உழைத்தார். வ. வே. சு. ஐயர் சேரன்மாதேவி குருகுலத்திலிருந்து 1924இல் தொடங்கிய ‘பாலபாரதி’யிலும் அவருக்குத் துணைநின்றார்.

மொழிப்பணி

பின்னர்ப் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் சேர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் மௌன விரதம் காத்தார். வாய் பேசாத அந்த ஆண்டுகளில் எழுத்து பெருகியது. தமிழ், வடமொழி, ஆங்கிலம், பிரெஞ்சு, இந்தி, தெலுங்கு ஆகிய மொழிகளை அறிந்தவர். விக்டர் ஹியூகோவின் ‘லே மிசரபிள்’ நாவலை ‘ஏழை படும் பாடு’ என்று தமிழாக்கினார். நாகையா நடிப்பில் 1950இல் அது திரைப்படமாகவும் வந்தது. திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். உலகத்தைத் தமிழுக்கும் தமிழை உலகத்துக்கும் கொண்டுசேர்த்த இந்த இருவழிப் பணியே அவருடைய தனிச்சிறப்பு. ஐந்து காண்டங்கள் கொண்ட ‘பாரத சக்தி மகாகாவியம்’ அவருடைய தலையாய படைப்பு.

இசைப்பணி

கச்சேரி மேடைகளில் தமிழ்ப் பாடல்கள் துக்கடாவாக, அதாவது இறுதியில் பாடும் சிறு உருப்படிகளாக, ஒதுக்கப்பட்ட காலம் அது. செட்டிநாட்டரசர் அண்ணாமலைச் செட்டியார் 1940களில் முன்னின்று நடத்திய தமிழிசை இயக்கத்துக்குப் புதிய தமிழ்க் கீர்த்தனைகள் தேவைப்பட்டன. அத்தேவையை நிறைவுசெய்தவர்களுள் சுத்தானந்தர் முதல் வரிசையில் நிற்கிறார். அடியார்களைப் போலப் பாட ஏங்கும் ‘எப்படிப் பாடினரோ’ (கர்நாடக தேவகாந்தாரி) டி. கே. பட்டம்மாளின் குரலில் ஊரெங்கும் ஒலித்தது. ‘அருள் புரிவாய்’ (ஹம்சத்வனி), ‘தூக்கிய திருவடி’ (சங்கராபரணம்) ஆகியவையும் இன்றுவரை மேடைகளில் பாடப்படுகின்றன. எளிய சொல்லும் ராகத்தோடு இயைந்த நடையும் இவற்றை நிலைக்கச் செய்தன.

இறுதிக்காலம்

ஆசிரமத்தைவிட்டு வெளிவந்தபின் சென்னையில் வாழ்ந்தார். முதுமையில் பிறந்த மண்ணுக்கே திரும்பி, சிவகங்கையை அடுத்த சோழபுரத்தில் 1979இல் பள்ளி நிறுவினார். மகாகாவியத்துக்காகத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அவருக்கு இராசராசன் விருது வழங்கியது. சோழபுரத்திலேயே தமது 92ஆம் வயதில் காலமானார்.