தைரொக்சின் குளிசை பிறந்த கதை

நடுப்பகல் வெயிலில் திருகோணமலை உட்துறைமுகக் கரை நாய்கள் எல்லாம் வள்ளத்து நிழலைத் தேடி ஒதுங்கும். அந்த நேரத்திலும் ஒரு நாய் சுடுகிற சீமெந்துத் தரையில் கிடந்தால், வால் மயிர் கொட்டி வெறுமையாகியிருந்தால், வழமையான சாப்பாட்டுக்கே உடம்பு பெருத்துக்கொண்டு போனால், அதைச் சோம்பேறி என்று ஏசிவிடாதீர்கள். கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி பழுதாகியிருக்கலாம். அப்படியானால் அதற்கு மருந்து தைரொக்சின். அம்மம்மாமார் காலையில் வெறுவயிற்றில் போடுகிற அதே குளிசைதான்.

அந்தக் குளிசைக்காக முதலில் உயிரைக் கொடுத்தவையே நாய்கள்தான். 1856இல் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் மோரிஸ் ஷிஃப் என்ற உடலியல் அறிஞர் நாய்களின் தைரொயிட்டை வெட்டி எடுத்துப் பார்த்தார். நாய்கள் செத்துப்போயின. (சுரப்பியோடு ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு பரத்தைரொயிட்டுகளும் சேர்ந்து போனதே அந்தச் சாவுகளுக்குப் பெரும் காரணம் என்று பிற்காலத்தில் தெரிந்தது.)

அதே பேர்ணில் 1874இல் தியோடர் கோகர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 11 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்துக் கழலையை, அதாவது வீங்கிய தைரொயிட்டை, முழுதாக அகற்றினார். புண் ஆறிவிட்டது, ஆனால் பிள்ளையின் குணம் மாறிவிட்டது. கலகலப்பாக இருந்தவள் மந்தமாகி, சிடுசிடுப்பானாள். அதைக் கவனித்துச் சொன்னவர் அவளுடைய குடும்ப வைத்தியர். 1883இல் கோகர் பழைய நோயாளிகளைத் திரும்ப அழைத்துப் பார்த்தார். சுரப்பியை முழுதாக இழந்தவர்களில் பெரும்பாலானோருக்கு இதே கதிதான். இந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த இடம். ஒரு சுரப்பியின் வேலை என்ன என்பதை, ஒரு பிள்ளையின் நடத்தை மாறியதை வைத்தே பிடித்தார்கள்.

அடுத்த ஆண்டு ஷிஃப் மறுபடியும் நாய்களிடம் போனார். வேறொரு நாயின் தைரொயிட்டை வயிற்றுக்குள் வைத்துவிட்டு, பிறகு கழுத்திலிருந்ததை எடுத்தார். இந்த முறை நாய்கள் பிழைத்தன. சுரப்பி எங்கே இருந்தாலும் அதன் சத்து இரத்தத்தில் கலந்தால் போதும் என்பது விளங்கியது.

1891இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜோர்ஜ் மரே என்ற இளம் வைத்தியர், ஆட்டின் தைரொயிட்டிலிருந்து எடுத்த சாற்றை 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியாகப் போட்டார். அவர் அதன் பின் 28 வருடங்கள் வாழ்ந்தார். 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் அவருக்கு மருந்தாகின. ஊசி வேண்டாம், வாயால் கொடுத்தாலே வேலை செய்யும் என்பது 1892இல் தெரிந்தது. 1914 நத்தார் நாளில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எட்வர்ட் கெண்டல் அந்தச் சுரப்பியின் ஹோர்மோனான தைரொக்சினைத் தனியே பிரித்தெடுத்தார். சுமார் 3 தொன் பன்றிச் சுரப்பியிலிருந்து அவருக்குக் கிடைத்தது 33 கிராம். 1927இல் லண்டனில் சார்ள்ஸ் ஹாரிங்டன் ஆய்வுகூடத்திலேயே அதைச் செய்து காட்டினார். இன்றைய குளிசையிலுள்ள தைரொக்சினின் சோடியம் உப்பு 1949இல் வந்தது.

இனி நாயின் கணக்கு. மனித உடலில் தைரொக்சின் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு கிழமை எடுக்கும். நாயின் உடலில் அரை நாள் போதும். அதனால் 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளுக்கு 100 மைக்ரோகிராம் அளவு போதுமென்றால், 20 கிலோ நாய்க்கு ஒரு வேளைக்கே 400 வரை தேவைப்படும். அயடீன் உப்பைக் கூட்டிப் போட்டால் சரிவருமா என்றால், வராது. நாய்களில் பெரும்பாலும் உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியை அழித்துவிடுகிறது, அல்லது சுரப்பி தானாகச் சுருங்கிப்போகிறது. இறைச்சிக் கடையில் கழிக்கும் தொண்டைப் பகுதியை நாளும் போடுவதும் கூடாது. அதில் சுரப்பி ஒட்டியிருந்தால் நாய்க்கு ஹோர்மோன் கூடி, இருப்புக்கொள்ளாமல் இளைத்து அலையும்.

கடிக்கிற நாய்க்கெல்லாம் தைரொயிட் குறைபாடு என்ற பேச்சும் உண்டு. குறைபாட்டால் மந்தம் வருவதுண்டு. மூர்க்கத்தைப் பற்றிய சான்று பலமில்லை. நம் நாட்டில் நாயின் குணம் திடீரென்று மாறினால் முதலில் நினைக்க வேண்டியது விசர்நோயை. வேறு வருத்தங்களாலும் இரத்தத்தில் தைரொக்சின் குறைந்து காட்டும். ஆகவே அம்மம்மாவின் போத்தலிலிருந்து குளிசை எடுத்துக் கொடுக்காதீர்கள். மிருக வைத்தியரிடம் காட்டி, இரத்தத்தில் ரி4 (தைரொக்சின்), ரி.எஸ்.எச் (தைரொயிட்டைத் தூண்டும் ஹோர்மோன்) இரண்டையும் சோதியுங்கள். குறைபாடு உறுதியானால் குளிசையை ஆயுள் முழுவதும் நிறுத்தாமல் கொடுங்கள்.