கடலடி எண்ணெய்க் குத்தகைக் கால நீட்டிப்பு

கடலுக்கடியில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்க அரசு தரும் குத்தகைக்குக் கெடு உண்டு. கெடுவுக்குள் உற்பத்தி தொடங்காவிட்டால் குத்தகை காலாவதியாகும். கடலடி நிலம் அரசிடமே திரும்பும். எண்ணெய் இருப்பது தெரிந்தும் அதை எடுக்கும் கருவி இன்னும் உருவாகவில்லை என்றால் என்ன செய்வது என்ற கேள்விக்கு விடையாக வளர்ந்ததே கால நீட்டிப்பு. பல நாடுகளில் இந்த ஏற்பாடு உண்டு. துளையிடும் கப்பல்கள் கிடைக்காத நாட்களில் இந்திய அரசும் ஆழ்கடல் வட்டாரங்களுக்குக் கெடுவைத் தளர்த்தியிருக்கிறது. ஆயினும் சட்டமும் வழக்கும் நடைமுறையுமாக இது மிக விரிவாக வளர்ந்த இடம் அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடா.

தோற்றம்

கண்டத்திட்டின் அடிநிலமும் அதிலுள்ள இயற்கை வளமும் அமெரிக்காவுக்கு உரியவை என்று அதிபர் ட்ரூமன் 1945 செப்டம்பர் 28 அன்று அறிவித்தார். இரண்டாண்டு கழித்து, லூசியானாவுக்கு அப்பால் கரை கண்ணுக்குத் தெரியாத தொலைவில் கெர்-மெக்கீ நிறுவனம் ஒரு கிணறு தோண்டி எண்ணெய் கண்டது. அங்கே தண்ணீரின் ஆழம் சுமார் 18 அடிதான். 1953இல் இரண்டு சட்டங்கள் வந்தன. கரையோரக் கடலடி மாநிலங்களுக்கு என்றது ஒன்று. அதற்கு அப்பால் உள்ளது நடுவண் அரசுக்கு என்றும், அரசு அதை ஏலத்தில் குத்தகைக்கு விடலாம் என்றும் சொன்னது மற்றொன்றான வெளிக் கண்டத்திட்டு நிலச் சட்டம். முதல் ஏலம் 1954 அக்டோபரில் நடந்தது.

அந்தச் சட்டம் வகுத்த குத்தகையின் முதற்காலம் 5 ஆண்டு. அதன் பிறகு, கட்டுபடியாகும் அளவில் எண்ணெயோ எரிவாயுவோ வந்துகொண்டிருக்கும் வரை, அல்லது அனுமதி பெற்ற துளையிடும் வேலை நடக்கும் வரை குத்தகை உயிரோடு இருக்கும். ஒரு குத்தகைத் துண்டின் பரப்பு பொதுவாக 5,760 ஏக்கர், அதாவது மூன்று மைலுக்கு மூன்று மைல். கெடு வைத்ததன் நோக்கம் தெளிவானது. கடலடி பொதுமக்களின் சொத்து. அதை மலிவாக எடுத்து, விலை ஏறும் வரை பூட்டி வைத்திருக்க எந்த நிறுவனத்துக்கும் உரிமை இல்லை. இந்தத் துறையில் பிறகு எழுந்த சச்சரவுகள் எல்லாம் இந்த ஒரு கொள்கையை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்பதைப் பற்றியவையே.

ஆழமும் ஆண்டுகளும்

கரையோர ஆழத்துக்கு 5 ஆண்டு போதுமானதாக இருந்தது. ஆழம் கூடக் கூட அது போதவில்லை. 1978இல் சட்டம் திருத்தப்பட்டு, வழக்கத்துக்கு மாறான ஆழமோ கடுமையான சூழலோ உள்ள இடங்களில் முதற்காலத்தை 10 ஆண்டு வரை தரலாம் என்றானது. கருவி போதாமை சட்டத்துக்குள் நுழைந்தது இந்த வழியாகத்தான். துளையிடும் நுட்பம் என்ற பேச்சு அதில் இல்லை. ஆழத்தையும் சூழலையும் சொல்லியே காலத்தைக் கூட்டினார்கள்.

1983இல் துண்டு துண்டாக ஏலம் விடுவதை விட்டு, வட்டாரம் முழுவதையும் ஒரே ஏலத்தில் வைக்கும் முறை வந்ததும் ஆழ்கடல் துண்டுகள் ஏராளமாகக் கைமாறின. குத்தகைகளைக் கவனித்த அரசின் கனிம மேலாண்மைப் பணியகம் ஆழத்தைப் பார்த்துக் கெடு வைத்தது. 400 மீட்டருக்குக் குறைவென்றால் 5 ஆண்டு. 400 முதல் 800 மீட்டர் வரை 8 ஆண்டு, ஆனால் முதல் ஐந்தாண்டுக்குள் ஒரு கிணறாவது தோண்டத் தொடங்கியிருக்க வேண்டும். அதற்கும் ஆழமென்றால் 10 ஆண்டு.

நிறுத்திவைப்பு

முதற்காலம் முடியும் தறுவாயில் குத்தகைதாரர் கேட்பது பேச்சுவழக்கில் நீட்டிப்பு. விதிகளின்படி அதன் பெயர் நிறுத்திவைப்பு. குத்தகையின் கடிகாரம் நிற்கிறது. நின்ற நாட்கள் கடைசியில் சேர்க்கப்படுகின்றன. இதில் இரண்டு வகை உண்டு. கிணறு தோண்டும் வேலை தடைபட்டால் பணி நிறுத்திவைப்பு. எண்ணெய் கண்டறியப்பட்டு, மேடை கட்டவும் குழாய் பதிக்கவும் விற்பனை ஒப்பந்தம் போடவும் காலம் வேண்டுமென்றால் உற்பத்தி நிறுத்திவைப்பு. ஒரு தடவைக்குப் பொதுவாக 5 ஆண்டு வரைதான் கிடைக்கும்.

உற்பத்தி நிறுத்திவைப்பு கேட்பவர் காட்ட வேண்டியவை கடுமையானவை. அந்தக் குத்தகையில் கிணறு தோண்டி, அது எண்ணெய் தரக்கூடியது என்று தீர்மானம் பெற்றிருக்க வேண்டும். உற்பத்தியில் போய் முடியும் வேலை அட்டவணை வேண்டும். உற்பத்தி செய்தே தீருவோம் என்ற உறுதிமொழியும் வேண்டும். பணி நிறுத்திவைப்புக்கு விதி சொல்லும் காரணங்கள் எதிர்பாராத வானிலை, தவிர்க்க முடியாத விபத்து, துளையிடும் மேடை வந்து சேர்வதில் தாமதம் போன்ற, கைமீறிய தடைகள். ‘இந்த ஆழத்துக்கு இன்னும் கருவி இல்லை’ என்பது தனிக் காரணமாக அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை.

விதி இந்த இடத்தில் நெகிழ்ந்தது உப்பினால். வளைகுடாவின் அடியில் பழங்காலத்து உப்பு பிதுங்கி மேலேறி, பெரும் பாளங்களாகப் படுத்திருக்கிறது. கப்பலிலிருந்து அனுப்பும் ஒலி அலைகள் சுற்றியுள்ள பாறையைவிட உப்பில் வேகமாகப் பாய்வதால், திரும்பி வரும் எதிரொலி குழம்பிப்போகும். பாளத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது மங்கலாகவே தெரியும். குழம்பிய அலைகளைக் கணினியில் சீராக்கி மீண்டும் படமாக்க மாதங்கள், சில வேளை ஆண்டுகள் ஆகும். எனவே 5 ஆண்டுக் குத்தகைகளுக்கும், ஐந்தாண்டுக்குள் தோண்ட வேண்டிய 8 ஆண்டுக் குத்தகைகளுக்கும் தனி விதி எழுதினார்கள். மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் உப்புப் பாளம் இருப்பதையும் அது பார்வையை மறைப்பதையும் காட்டியிருந்தால், முப்பரிமாண ஆய்வை முழுக் குத்தகைக்கும் செய்திருந்தால், மேலும் தரவுகளைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தால் காலம் தரலாம். கடல்மட்டத்திலிருந்து 25,000 அடிக்குக் கீழே இலக்கு வைத்திருக்கும் 5 ஆண்டுக் குத்தகைகளுக்கும் இதைப் போன்ற சலுகை வந்தது. அறியாமையை ஏற்றுக்கொண்டு, அதைப் போக்க உழைப்பவருக்கு மட்டும் நாள் தருகின்றன இவ்விரு விதிகளும். இத்துறையில் எழுதப்பட்டவற்றுள் நியாயமானவை இவையே.

கலிபோர்னியா

நீட்டிப்பு வெறும் அலுவலகக் காகிதம் அல்ல என்பதை நாட்டுக்கு உணர்த்தியது மேற்குக் கரை. 1969 சாண்டா பார்பரா எண்ணெய்க் கசிவுக்குப் பிறகு கலிபோர்னியாவில் கடலடிக் குத்தகை என்றாலே எதிர்ப்புதான். அங்கே ஆண்டுக்கணக்காக உற்பத்தி தொடங்காமல் கிடந்த 36 குத்தகைகளுக்கு நடுவண் அரசு 1999இல் மறுபடி நிறுத்திவைப்பு தந்தது. மாநிலம் வழக்குப் போட்டது. கரையோர மேலாண்மைச் சட்டப்படி மாநிலத்தின் திட்டத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே நீட்டிக்கலாம் என்று 2001இல் தீர்ப்பானது. மேல்முறையீட்டு மன்றமும் 2002இல் அதை உறுதிசெய்தது. பிறகு நிறுவனங்கள் அரசின் மீது ஒப்பந்த மீறல் வழக்குத் தொடுத்து, ஏலத்தில் கட்டியிருந்த 100 கோடி டாலருக்கும் மேலான தொகையைத் திரும்பப் பெறும் தீர்ப்பை வாங்கின.

ஜூலியா வழக்கு

கருவி போதாமையும் கெடுவும் நேருக்கு நேர் மோதியது ஜூலியா வயலில். லூசியானாவிலிருந்து தெற்கே வெகுதொலைவில், 7,000 அடிக்கு மேற்பட்ட தண்ணீருக்கு அடியில், கீழ்த் தெர்சியரி எனப்படும் பழைய மணற்பாறை அடுக்கில் எக்ஸான்மொபில் எண்ணெய் கண்டது. அடுக்கு ஆழத்தில் இருக்கிறது, இறுகிக் கிடக்கிறது, அழுத்தமும் மிகுதி. பக்கத்து ஜாக் வயலில் செவ்ரான் 2006இல் நடத்திய சோதனை நாளொன்றுக்கு 6,000 பேரலுக்கு மேல் தந்தபோதுதான் இந்த அடுக்கிலிருந்து எண்ணெய் ஓடும் என்றே தொழிலுக்கு நம்பிக்கை வந்தது.

2008 இறுதியில் கெடு நெருங்கியதும் எக்ஸான் உற்பத்தி நிறுத்திவைப்பு கேட்டது. பணியகம் மறுத்தது. உற்பத்திக்கான திட்டவட்டமான உறுதி இல்லை என்பது அரசின் வாதம். இதற்கு முன் இதைவிடக் குறைந்த உறுதிக்கெல்லாம் காலம் கொடுத்துவிட்டு, எங்களுக்கு மட்டும் அளவுகோலை மாற்றுகிறீர்கள் என்பது நிறுவனத்தின் வாதம். 2011 ஆகஸ்டில் எக்ஸான் லூசியானாவில் வழக்குத் தொடுத்தது. பங்காளியான ஸ்டாட்டாயிலும் நீதிமன்றம் சென்றது. தீர்ப்பு வருமுன், 2012 ஜனவரியில், சமரசம் ஏற்பட்டது. 2013இல் எக்ஸான் முதலீட்டை முடிவுசெய்தது. 2016இல் எண்ணெய் வந்தது. அந்த எண்ணெய் செவ்ரானின் ஜாக்-செயின்ட் மாலோ மேடைக்குக் குழாய் வழியே போகிறது.

இந்த வழக்கில் இரு பக்கமும் நியாயம் உண்டு. கருவியே இல்லாத ஆழத்தில் தேதி குறித்து உறுதி தா என்று கேட்பது கடினம்தான். ஆனால் உறுதி கேட்காமல் காலம் தந்தால் கெடு என்பதே பொருளற்றுப்போகும். அரசு இறுக்கிப் பிடித்ததால்தான் ஜூலியா விரைவில் மேடையோடு இணைந்தது என்று கொள்வது தவறாகாது.

ஆர்க்டிக்

நீட்டிப்பு மறுக்கப்பட்டதற்குப் பெரிய எடுத்துக்காட்டு அலாஸ்கா. 2008 பிப்ரவரியில் சுக்ச்சி கடல் ஏலத்தில் ஷெல் 210 கோடி டாலர் கட்டியது. 2012இல், கசியும் கிணற்றின் மேல் கவிழ்த்து எண்ணெயைப் பிடிப்பதற்காகச் செய்த இரும்புக் கவிகை, வாஷிங்டன் மாநிலக் கடலில் நடந்த சோதனையிலேயே நசுங்கியது. அவ்வாண்டின் கடைசி நாளில் குல்லக் என்ற துளையிடும் மிதவை இழுகயிறு அறுந்து அலாஸ்காத் தீவொன்றில் தரைதட்டியது. பனி விலகும் சில மாதங்களில் மட்டுமே வேலை செய்ய முடிகிற கடலில் 10 ஆண்டு என்பது 10 ஆண்டு அல்ல என்று சொல்லி ஷெல் நிறுத்திவைப்பு கேட்டது. அங்கே தோண்டிய பர்கர் கிணறு போதிய எண்ணெய் காட்டாததால் 2015 செப்டம்பரில் ஷெல் ஆர்க்டிக்கை விட்டு வெளியேறியது. அடுத்த மாதமே, போதிய வேலை அட்டவணை காட்டவில்லை என்று, அங்கே குத்தகை வைத்திருந்த ஷெல், ஸ்டாட்டாயில் இரண்டின் கோரிக்கைகளையும் அரசு நிராகரித்தது. அந்தக் கடலின் அருமையை எண்ணினால் அது சரியான முடிவே.

20,000 பவுண்டு

2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் மக்கொண்டோ கிணறு வெடித்து 11 பேர் மாண்டார்கள். அரசு ஆழ்கடல் வேலையை நிறுத்தி வைத்தது. அதனால் நாள் இழந்த குத்தகைகளுக்கு மறு ஆண்டு ஓராண்டு கூட்டித் தரப்பட்டது. கருவியின் வரம்பு எது என்ற கேள்வி அதற்குப் பின் உயிர்ப் பிரச்சினையானது.

அதுவரை ஆழ்கடல் தொழிலின் உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 15,000 பவுண்டு அழுத்தம். கீழ்த் தெர்சியரியின் சில வயல்கள் அதைத் தாண்டின. 20,000 பவுண்டு என்பது கார் டயரிலுள்ள காற்றழுத்தத்தைப் போல் 600 மடங்கு. கிணற்றின் வாயில் உட்கார்ந்து வெடிப்பைத் தடுக்கும் கருவி மட்டுமல்ல, வால்வு, குழாய், அடைப்பு வளையம், போல்ட் வரை ஒவ்வொன்றையும் புதிதாக வடித்துச் சோதிக்க வேண்டும். அந்தக் கனத்தைத் தூக்கக் கப்பலும் புதிது வேண்டும்: டிரான்ஸ்ஓஷனின் டீப்வாட்டர் டைட்டன் கப்பல் கொக்கியில் 30 லட்சம் பவுண்டு தாங்கும். வாங்க ஆள் உறுதியாகாமல் எந்த ஆலையும் இவற்றைச் செய்யாது. குத்தகை கையில் நிற்கும் என்று தெரியாமல் எந்த நிறுவனமும் ஆர்டர் தராது.

பிபி 2012இலேயே இதற்கான ஆய்வைத் தொடங்கியது. முந்திக்கொண்டது செவ்ரான்: 2014இல் கண்டறிந்த ஆங்கர் வயலில், 5,000 அடித் தண்ணீருக்குக் கீழே, 20,000 பவுண்டுக் கருவிகளோடு 2024 ஆகஸ்டில் எண்ணெய் எடுத்தது. பிபியின் காஸ்கிடா 2006இல் கண்டறியப்பட்டது. முதலீட்டு முடிவு 2024 ஜூலையில்தான் வந்தது. 10 ஆண்டுக் கெடு மட்டும் இருந்திருந்தால் அந்தக் குத்தகை 2016க்குள் அரசிடம் திரும்பியிருக்கும். காஸ்கிடாவில் 2029இல் உற்பத்தி தொடங்கும் என்று நிறுவனம் கூறுகிறது. டீப்வாட்டர் ஹொரைசன் மேடை மக்கொண்டோவில் எரிவதற்கு முந்தைய ஆண்டு, 2009இல், 35,055 அடி ஆழம் தோண்டிக் கண்டறிந்த, பிபியின் டைபர் வயலுக்கு 2025 செப்டம்பரில் முதலீட்டு ஒப்புதல் கிடைத்தது. அதன் உற்பத்திக்குக் குறித்துள்ள ஆண்டு 2030.