புதுக்கடையில் இரு வழக்குகள்

கொழும்புத் தமிழரின் வரலாற்றை எழுத முனைவோர் சட்டசபைக்குச் சென்றவர்களின் பெயர்களைத் தேடுவர். புதுக்கடை நீதிமன்றங்களின் ஏடுகளைப் புரட்டுவோர் மிகச் சிலரே. எனினும், சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவு சிறுபான்மையினருக்கு அளித்த காப்பு எவ்வளவு வலியது என்னும் வினா, மேடைகளில் எழுந்ததைவிடக் கூர்மையாக ஓர் இலஞ்ச வழக்கிலும் ஒரு சம்பள வழக்கிலும் எழுந்தது.

கொட்டாஞ்சேனைக்கு அண்மையிலுள்ள புதுக்கடையை நாடிய தமிழருட் பலர் பணத்தின் பொருட்டே வந்தனர். செட்டியார் தெருவின் புரோநோட்டுகள், ஈடுவைத்த காணிகள், கூட்டு வியாபாரத்திற் பிரிந்தோரின் கணக்குகள் என்பனவே அங்கு வழக்குகளாயின. உரோம ஒல்லாந்தச் சட்டம் நாட்டின் பொதுச் சட்டமாயினும், உண்டியல் முதலிய வணிகக் கருமங்களில் 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஆங்கிலச் சட்டத்தைப் புகுத்தியிருந்தது. இரண்டிலும் தேர்ந்தவரே வணிக வழக்குகளில் நிலைத்தனர். அப்புக்காத்து, பிரக்கிராசி என மக்கள் அழைத்த இவர்களின் தொழிலில் நாவன்மைக்கு இடம் குறைவு. கடன் உண்டா? கையொப்பம் எவருடையது? இதனை விசாரிக்க இம்மன்றுக்கு அதிகாரம் உண்டா? இக்கடைசி வினாவே பின்னர் பெருவினாவாயிற்று.

1954 ஆம் ஆண்டின் இலஞ்சச் சட்டம் 1958 இல் திருத்தப்பட்டு, இலஞ்ச நியாயசபைகள் நிறுவப்பட்டன. அத்தகைய சபையொன்று ரணசிங்க என்பவரைக் குற்றவாளியெனக் கண்டு சிறையும் அபராதமும் விதித்தது. மேன்முறையீட்டில் அவரைக் காத்தது இலஞ்சம் பற்றிய சாட்சியமன்று. தீர்த்தவர்களுக்குத் தீர்க்கும் உரிமை இருந்ததா என்ற ஐயமே. நீதித்துறை அலுவலரை நியமிக்கும் அதிகாரம் யாப்பின்படி நீதிச் சேவை ஆணைக்குழுவுக்கே உரியது. இச்சபையினரையோ அமைச்சரின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி நியமித்திருந்தார். யாப்பை மாற்றுவதற்கு வேண்டிய மூன்றில் இரண்டு பெரும்பான்மை பற்றிய சபாநாயகரின் சான்றும் அச்சட்டத்திற்கு இருக்கவில்லை. உயர் நீதிமன்றம் தீர்ப்பைத் தள்ளியது. 1964 மே மாதத்தில் இலண்டன் கோமறைக் கழகம் அதனை உறுதிசெய்தது. ஊழலை ஒழிக்க எழுந்த ஏற்பாடொன்று இவ்வாறு சரிந்ததை மகிழ்ந்து கொண்டாடுவதற்கில்லை. ஆயினும், அத்தீர்ப்பை வழங்கிய பியர்ஸ் பிரபு, இன, மத வேறுபாடு காட்டும் சட்டங்களைத் தடுக்கும் 29 ஆம் பிரிவின் ஏற்பாடு இந்நாட்டு மக்களிடையே அமைந்த உரிமைச் சமநிலை எனவும், அதனை நம்பியே அவர்கள் யாப்பை ஏற்றனர் எனவும் இடையே குறிப்பிட்டார். ரணசிங்கவின் விடுதலைக்கு அக்கூற்று தேவைப்படவில்லை. தமிழருக்கு அது பெரிதும் தேவைப்பட்டது.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியிருந்த அரசாங்க எழுதுவினைஞர் குடும்பங்களுக்குச் சம்பள ஏற்றம் என்பது அரிசிக் கணக்கு, வாடகைக் கணக்கு. 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தை அடுத்து, 1961 இறுதியில் திறைசேரி விடுத்த சுற்றறிக்கை அவ்வேற்றத்தைச் சிங்களத் தேர்ச்சியோடு பிணைத்தது. 1962 இல் தம் ஏற்றத்தை இழந்த கோடீஸ்வரன் என்னும் தமிழ் உத்தியோகத்தர் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிட்டார். வடிவில் அது சம்பளப் பாக்கி கேட்ட வழக்கு. உள்ளே இருந்ததோ மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வி. செட்டியார் தெருக் கடன்காரன் மீது தொடுக்கும் வழக்கின் அச்சிலேயே அரசின் மீதும் வழக்குத் தொடுத்த இம்முறையில், புதுக்கடைப் பயிற்சியின் பயனைக் காணலாம்.

1964 இல் மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிரெட்சர் அச்சட்டம் 29 ஆம் பிரிவுக்கு முரணானதெனத் தீர்த்தார். 1967 இல் உயர் நீதிமன்றம் மொழி வினாவைத் தொடாமலே, அரச ஊழியர் சம்பளத்துக்காக வழக்கிட முடியாதெனக் கூறி அத்தீர்ப்பை மாற்றியது. சி. இரங்கநாதன் கியூ.சி. கோடீஸ்வரனுக்காக வாதாடினார். 1969 டிசம்பரில் கோமறைக் கழகம், ஊழியர் வழக்கிடலாம் எனத் தீர்த்து, மொழி வினாவை ஆராயுமாறு வழக்கை உயர் நீதிமன்றத்திற்கே திருப்பியனுப்பியது.

அவ்விசாரணை நடைபெறவில்லை. 1971 இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972 மே 22 இல் நடைமுறைக்கு வந்த குடியரசு யாப்பில் 29 ஆம் பிரிவு இடம்பெறவில்லை. அரச ஊழியர் சம்பளத்துக்காக வழக்கிடலாம் என்ற விதி நிலைத்தது. 1956 ஆம் ஆண்டுச் சட்டம் செல்லுமா என்பதற்கு எந்த மேல் நீதிமன்றமும் விடையளிக்கவில்லை.