சுரைக்காய் முதல் சிமுலேட்டர் வரை

போன மாசம் அப்பாவுக்குப் பித்தப்பைல கல்லுன்னு லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன். படிவத்துல கையெழுத்து வாங்க வந்த டாக்டரைப் பார்த்தா என்னை விட ரெண்டு வயசு சின்னவர் மாதிரி இருந்தார். 'இது உங்களுக்கு எத்தனாவது கேஸ் சார்?'னு கேக்க நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, கேக்கலை. அப்பா தேறிட்டார், கொட்டிவாக்கம் பீச்சுல வாக்கிங்கும் ஆரம்பிச்சாச்சு. ஆனா கேள்வி போகலை. கத்துக்கற டாக்டர் முதல்ல எது மேல கை வெச்சுக் கத்துக்கறார்?

ரொம்பப் பழைய கேள்விங்க இது. சுஸ்ருத சம்ஹிதையில சூத்ரஸ்தானம் 9-ஆம் அத்தியாயம் இதுக்குன்னே இருக்கு. வெட்டிப் பழக பூசணி, சுரைக்காய், வெள்ளரி. உள்ளே இருக்கறதைப் பிடுங்கி எடுக்க பலாப்பழம். ரத்தக்குழாயைக் குத்திப் பழக தாமரைத் தண்டு. சுரண்டிப் பழக முடியோட இருக்கற தோல். கட்டுப் போட துணி பொம்மை. எவ்வளவு படிச்சிருந்தாலும் இப்படிப் பழகாதவன் வேலைக்கு ஆகமாட்டான்னும் சொல்லுது. ஒவ்வொண்ணும் கைக்கு ஒவ்வொரு மாதிரி இருக்கும், அதுதான் விஷயம். அம்மா கடையில சுரைக்காயை நகத்தால அழுத்திப் பார்த்து பிஞ்சா முத்தலான்னு சொல்றாங்களே, அதே வித்தை.

இந்தியாவோட முதல் லேப்ராஸ்கோப்பி பித்தப்பை ஆபரேஷனை 1990-ல மும்பை ஜே.ஜே. ஆஸ்பத்திரியில டாக்டர் டெஹெம்டன் உட்வாடியா பண்ணினார். இந்த முறையில நோயாளிக்குத் தழும்பு சின்னது. ஆனா டாக்டரோட விரலுக்கும் உறுப்புக்கும் நடுவுல ஒரு அடி நீளக் கருவி வந்துடுது. துளையில உரசற உரசல்ல, எவ்வளவு அழுத்தறோம்னே சரியா தெரியாது.

1993-ல எம்.ஐ.டி. மாணவர் தாமஸ் மாஸியும் கென்னத் சாலிஸ்பரியும் 'ஃபாண்டம்'னு ஒரு கருவி செஞ்சாங்க. பேனா மாதிரி பிடிச்சுக்கிட்டு, திரையில இருக்கற பொருளை இடிச்சா மோட்டார் நம்ம கையைத் திருப்பித் தள்ளும். (மாஸி 2012-ல அமெரிக்க எம்.பி. ஆனது தனிக்கதை.) நம்ம பொட்டி தட்டற பாஷையில சொன்னா, கண்ணை ஏமாத்த செகண்டுக்கு 30 படம் போதும். விரலை ஏமாத்த செகண்டுக்கு சுமார் 1000 தடவை விசையைக் கணக்குப் போடணும். லூப் லேட்டானா, கெட்டியா இருக்கவேண்டிய எலும்பு கைக்குள்ள கடகடன்னு ஆடும்!

இவ்வளவு மெனக்கெடணுமான்னு கேட்டா, நியாயம்தான். 2002-ல யேல் பல்கலைக்கழகத்துல 16 பயிற்சி டாக்டர்களை வெச்சு ஒரு சோதனை நடந்தது. தொடு உணர்வே இல்லாத சிமுலேட்டர்ல பழகினவங்க பித்தப்பையை 29% வேகமா பிரிச்சாங்க. பழகாதவங்க பித்தப்பையைக் காயப்படுத்தவோ பக்கத்துத் திசுவைச் சுடவோ 5 மடங்கு அதிக வாய்ப்பு இருந்தது. அப்ப திரையே போதுமே?

போதாதுன்னு சொன்னவங்க நம்மூர்லயே இருக்காங்க. ஐஐடி மெட்ராஸ் டச் லேப் பேராசிரியர் மணிவண்ணன் குழுவும் அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் சந்திரமோகனும் 2016-ல ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. கடையில விக்கற பெரும்பாலான சிமுலேட்டர்கள் கைத்திறனையும் விசையையும் சேர்த்து அளக்கறதில்லை, அந்தப் பயிற்சி இல்லாததால ஆபரேஷன்ல தப்பு நடக்குதுங்கறது அவங்க வாதம். அதனால ரெண்டையும் அளக்கற ஹேப்டிக் சிமுலேட்டரை அவங்களே உருவாக்கினாங்க. எங்க வீட்டிலிருந்து ஆட்டோ தூரத்துல!

சுலபமான வேலை இல்லை இது. 2000-ல அமெரிக்க அனுமதி வாங்கின டாவின்சி ரோபோவுக்கே, விசையை டாக்டர் கைக்குச் சொல்ற வசதி 2024-ல வந்த டாவின்சி 5-லதான் கிடைச்சுது.

அடுத்த தடவை எத்தனாவது கேஸ்னு கேக்கமாட்டேன். 'எதுல பழகினீங்க சார்?'னு கேப்பேன். டாக்டர் பதிவர்களே, நீங்க எதுல பழகினீங்க? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. சுரைக்காய்னாலும் பரவாயில்லை :-)