பாவைக்கூத்தில் சம்புகுமாரன் கதை

நாணில்லாதாரின் இயக்கத்திற்குக் கயிற்றால் ஆட்டப்பெறும் மரப்பாவையை உவமையாக்கினார் வள்ளுவர் (குறள் 1020). பாவைக்கூத்தின் தொன்மைக்கு அக்குறள் தக்க சான்று. ஆயினும் அக்கூத்தின் பாடங்களை இலக்கியமாகக் கொண்டு அவற்றின் மூலங்களை ஆராயும் முயற்சி நம்மிடையே குறைவே. சப்பானியரோ சிக்கமத்சு மொன்சயெமோன் (1653–1725) இயற்றிய பாவை நாடகங்களைப் பேரிலக்கியமெனப் போற்றுவர். அவருடைய சொனெசாக்கி நாடகம் 1703இல் ஒசாக்கா நகரில் உண்மையாகவே நிகழ்ந்த காதலர் தற்கொலையினின்று எழுந்தது. அங்கு ஆசிரியரும் அறியப்பட்டவர்; மூலமும் அறியப்பட்டது.

நம் நிலை வேறு. பாலக்காட்டுப் பகுதியில் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில் நிகழும் தோற்பாவைக்கூத்துக்குக் கம்பராமாயணமே பாடம். புலவர் எனப்படும் கூத்தர் கம்பர் செய்யுளைப் பாடி, தமிழும் மலையாளமும் கலந்த உரைநடையில் விரித்துரைப்பர். எனினும் கம்பர் கூறாத கதையொன்று அங்கு இடம்பெற்றுள்ளது. சூர்ப்பணகையின் மகன் சம்புகுமாரன் இலக்குவன் கையால் இறக்கின்றான் என்பதே அது.

இதனை இடைச்செருகலென ஒதுக்குதல் எளிது; முறையன்று. விமலசூரியின் பிராகிருத நூலாகிய பௌமசரியத்தில் இக்கதை உண்டு. ஆங்கு இலக்குவன் ஒரு வாளின் கூர்மையைச் சோதிக்க மூங்கிற் புதரை வெட்ட, உள்ளே தவமியற்றியவன் அறியாது கொல்லப்படுகின்றான். தெலுங்கு அரங்கநாத இராமாயணத்திலும் இக்கதை காணப்படுகின்றது. ஆதலின் இது கூத்தர் புனைந்ததன்று. தென்னாட்டில் பரவலாக வழங்கிய மரபொன்றின் கூறு எனக் கொள்ளுதலே பொருந்தும்.

மூலத்தினும் சிறந்தது பொருள். கம்பர் சூர்ப்பணகையை அறிமுகம் செய்யும்போதே அரக்கர் வேந்தனின் அழிவுக்கு அவளே காரணமாவாள் எனக் குறிக்கின்றார். அவர் காட்டும் சூர்ப்பணகை ஊழின் கருவி. இராமன் அழகில் மயங்கி வருபவள். கூத்திலோ மகனை இழந்த தாயாகப் புலம்பி, பழிதீர்க்கும் கருத்தோடு புறப்படுகின்றாள். அதன்பின்னரே காமம் அவளை மருட்டுகின்றது. இம்முன்கதையைக் கேட்டபின் கம்பர் செய்யுளையே செவியுறும்போது, மூக்கரியப்படும் அரக்கியிடத்து முன்பு தோன்றாத இரக்கம் நமக்குத் தோன்றுகின்றது. செய்யுளில் ஓரெழுத்தும் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. சுவடிகளை மட்டும் ஒப்பிட்டுப் பாடம் காண்பார்க்கு இம்மாற்றம் புலப்படாது.

இக்கூத்தை மாந்தர் சிலரே விழித்திருந்து காண்பர். பல இரவுகளில் எவரும் இரார். அதுபற்றிக் கூத்தர் கவலுவதில்லை. தாருகனோடு பொருதமையால் இராமராவணப் போரைக் காணவியலாத பத்திரகாளிக்கே இது நிகழ்த்தப்படுகின்றது என்பது அவர்தம் நம்பிக்கை. மகனை இழந்தவளின் புலம்பலையும் முதலில் கேட்பவள் அவளே.