மறு கட்சி வேட்பாளருக்கு ஆதரவு: எழுதி வாங்கியதும், வாங்காமல் விட்டதும்



ஒவ்வொரு ஜனாதிபதித் தேர்தல் காலத்திலும் நம் ஊர்களில் ஒரே சண்டைதான். "அவர் அந்தப் பக்கம் போனது துரோகம்" என்பார் ஒருவர். "இல்லை, அதுதான் ராஜதந்திரம்" என்பார் மற்றவர். வட்ஸ்அப் குழுமத்தில் தொடங்கி ஹோட்டல் மேசை வரைக்கும் இது நீளும். ஒரு தேர்தலில் துரோகி என்று ஏசியவரையே அடுத்த தேர்தலில் தோளில் தூக்குவதையும் பார்த்திருக்கிறோம்.

இந்தப் பதிவில் நான் யாருக்கும் வக்காலத்து வாங்கவில்லை. ஓர் அரசியல்வாதி தன் கட்சியை அல்லது தன் அணியை விட்டு மறு பக்கத்து ஜனாதிபதி வேட்பாளரை ஆதரிப்பது இந்த நாட்டில் எப்படி நடந்து வந்திருக்கிறது, அதில் நம் சமூகத்துக்கு மிஞ்சியது என்ன என்பதை ஒரு வரலாற்றுப் பாடமாகப் பார்ப்போம்.

முதலில் ஓர் அடிப்படை விடயம். 1978 அரசியலமைப்பின்படி ஜனாதிபதித் தேர்தலில் முழு நாடும் ஒரே தொகுதி. செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் பெறுபவர் வெல்வார். கல்முனையில் விழும் வாக்குக்கும் மாத்தறையில் விழும் வாக்குக்கும் ஒரே பெறுமதி. இரு பெரிய வேட்பாளர்கள் நெருங்கி நிற்கும்போது சிறிய கட்சியின் ஆதரவுக்கு விலை ஏறும். ஆனால் அந்த விலை தேர்தல் நாளன்று மாலை 4 மணி வரைக்கும்தான். பெட்டி மூடிய பிறகு அதே ஆதரவை யாரும் அந்த விலைக்கு வாங்க மாட்டார்கள்.

இதைச் சரியாக விளங்கியிருந்தவர் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப்.

1988 நவம்பரில் வடக்கு-கிழக்கு மாகாண சபைத் தேர்தல் நடந்தது. ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சியில் இருந்தது. முஸ்லிம் காங்கிரஸ் அதை எதிர்த்து நின்று 17 ஆசனங்களை வென்றது. அந்தச் சபையில் ஐ.தே.க.வுக்குக் கிடைத்தது 1 ஆசனம் மட்டுமே. சரியாக ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 19இல், ஜனாதிபதித் தேர்தல். ஐ.தே.க. வேட்பாளர் ரணசிங்க பிரேமதாச. எதிரே சிறிமாவோ பண்டாரநாயக்க. முஸ்லிம் காங்கிரஸ் தன் போட்டிக் கட்சியின் வேட்பாளரான பிரேமதாசவுக்குக் கை கொடுத்தது.

அதற்கு அஷ்ரஃப் கேட்டது அமைச்சுப் பதவி அல்ல, வெட்டுப்புள்ளிக் குறைப்பு. அப்போதைய சட்டப்படி ஒரு மாவட்டத்தில் 12.5 வீதத்துக்குக் குறைவாகப் பெறும் கட்சி ஆசனப் பங்கீட்டிலிருந்தே நீக்கப்படும். சிதறி வாழும் சிறுபான்மைக்கு அது பூட்டிய கதவு. அதை 5 வீதமாகக் குறைக்க வேண்டும் என்பதே நிபந்தனை. அது 15ஆவது திருத்தச் சட்டமாக 1988 டிசம்பர் 17ஆம் திகதி, அதாவது வாக்களிப்புக்கு இரண்டு நாள் முந்தியே, சான்றுரைப்படுத்தப்பட்டது. பிரேமதாச 50.43 வீதத்தால் வென்றார். பாதியைத் தாண்டி அவருக்குக் கிடைத்த மேலதிகம் ஏறக்குறைய 22,000 வாக்குகள். இரண்டு மாதத்தில் வந்த பொதுத் தேர்தலில் முஸ்லிம் காங்கிரஸ் 4 ஆசனங்களுடன் முதன்முதலாகப் பாராளுமன்றம் புகுந்தது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த ஆதரவு 1990இல் நம்மைக் காக்கவில்லை. அதே ஜனாதிபதியின் காலத்தில்தான் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் கொல்லப்பட்டார்கள். ஏறாவூர் நடந்தது. வடக்கு முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். கொழும்பில் நமக்கு நண்பர் இருந்தும் அது நடந்தது. பிரேமதாசவும் 1993 மே 1ஆம் திகதி கொல்லப்பட்டார். அவர் வாயால் தந்த வாக்குறுதிகள் இருந்திருந்தால் அவையும் அன்றே முடிந்திருக்கும். சட்டம் மட்டும் முடியவில்லை. அந்த 5 வீதம் இன்றும் அரசியலமைப்பில் இருக்கிறது.

அதன் பயன் நம்மோடு நிற்கவுமில்லை. 2020 பொதுத் தேர்தலில் கொழும்பு மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்தி பெற்றது 6 வீதத்துக்கும் குறைவு. அங்கே அநுர குமார திசாநாயக்க ஓர் ஆசனம் வென்றார். பழைய வெட்டுப்புள்ளி இருந்திருந்தால் அந்த ஆசனம் இல்லை. கிழக்கிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் சட்டத்தரணி 1988இல் பேரம் பேசி வாங்கிய திருத்தம், பின்னர் ஜனாதிபதியான ஒருவரைப் பாராளுமன்றத்தில் வைத்திருக்க உதவியது. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோமா?

1994இல் அதே அஷ்ரஃப் மறு பக்கம் நின்றார். ஒகஸ்ட் பொதுத் தேர்தலில் பொதுஜன ஐக்கிய முன்னணி 105 ஆசனங்கள் பெற்றது. முஸ்லிம் காங்கிரஸின் 7 ஆசனங்கள் இல்லாமல் 113ஐ எட்டுவது கடினம். நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில் சந்திரிகா 62.28 வீதத்தால் வென்றார். அஷ்ரஃப் துறைமுகங்கள், கப்பற்றுறை, புனர்வாழ்வு அமைச்சரானார். 1995 ஒக்டோபரில் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, அடுத்த ஆண்டு பல்கலைக்கழகமானது. 1988இல் பச்சைக்கும் 1994இல் நீலத்துக்கும் ஆதரவு கொடுத்த மனிதரை நம்மில் பலர் கட்சி தாவியவர் என்று சொல்வதில்லை. அவர் எங்கே நின்றார் என்பதை விட எதை வாங்கிக்கொண்டு நின்றார் என்பதைத்தான் மக்கள் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

இனி 2010. ஜனவரியில் முஸ்லிம் காங்கிரஸ் சரத் பொன்சேகாவுக்காக ஊர் ஊராக மேடை ஏறியது. மஹிந்த ராஜபக்ஷ 57.88 வீதத்தால் வென்றார். ஏப்ரலில் ஐ.தே.க. பட்டியலில் நின்று 8 ஆசனங்கள். செப்டெம்பர் 8ஆம் திகதி 18ஆவது திருத்தம் வந்தது. ஜனாதிபதி இரண்டு தடவைகள்தான் என்ற எல்லையை நீக்கும் திருத்தம். ஜனவரியில் யாரைத் தோற்கடிக்கக் கேட்டார்களோ, அவருக்கே மூன்றாவது தடவைக்கான கதவைத் திறக்க அந்த 8 பேரும் வாக்களித்தார்கள். ஆதரவாக விழுந்தவை 161. தேவைப்பட்டவை 150. நம்முடைய 8 இல்லாமலும் 153. தேர்தல் முடிந்து, மற்றவர் கணக்கும் நிரம்பிய பிறகு கொடுக்கும் ஆதரவுக்கு என்ன பெறுமதி கிடைக்கும்? நவம்பரில் நீதி அமைச்சு கிடைத்தது. 2014 ஜூன் 15இல் அளுத்கமவும் தர்கா நகரும் எரிந்தபோது அந்த அமைச்சு நம் கையில்தான் இருந்தது.

அந்த எரிவுதான் 2015க்கு அடித்தளம். 2014 நவம்பர் 21ஆம் திகதி ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியின் பொதுச் செயலாளர் மைத்திரிபால சிறிசேன, தன் தலைவருக்கு எதிராகவே பொது வேட்பாளராக வந்தார். 17 நாளில் ஐ.தே.க. பொதுச் செயலாளர் திஸ்ஸ அத்தநாயக்க மஹிந்த பக்கம் போய், சிறிசேன விட்டுச் சென்ற சுகாதார அமைச்சையே பெற்றுக்கொண்டார். இரு பெரிய கட்சிகளின் பொதுச் செயலாளர்களும் இடம் மாறிய தேர்தல் அது.

நம் தலைவர்கள் அப்போதும் அமைச்சரவையில் இருந்தார்கள். டிசம்பர் 22இல் ரிஷாட் பதியுதீனின் மக்கள் காங்கிரஸ் சிறிசேனவை ஆதரிப்பதாக அறிவித்தது. மறுநாள் தபால் வாக்களிப்பு தொடங்கியது. முஸ்லிம் காங்கிரஸின் அறிவிப்பு டிசம்பர் 28இல்தான் வந்தது. தேர்தல் கடமைக்குப் போகும் ஆசிரியர்களில் எத்தனையோ பேர் அதற்கு முந்தியே புள்ளடி போட்டுவிட்டார்கள். ஜனவரி 8இல் சிறிசேன 51.28 வீதம் பெற்றார். மட்டக்களப்பில் 81 வீதத்துக்கு மேல், திருகோணமலையில் 71 வீதத்துக்கு மேல், திகாமடுல்லவில் 65 வீதத்துக்கு மேல். அந்தத் தேர்தலில் மக்கள் முன்னே போனார்கள், தலைவர்கள் பின்னே வந்தார்கள்.

மக்கள் செய்தது சரி. ஆனால் 1988இல் போல வாக்களிப்புக்கு முந்தியே சட்டமாகிய கோரிக்கை எதுவும் 2015இல் நம் கையில் இல்லை. தலைவர்கள் கடைசி நாட்களில் வந்து சேர்ந்ததால் கேட்பதற்கு நேரமும் இல்லை. நாம் கொண்டுவந்த அரசாங்கத்தின் காலத்தில்தான் 2018இல் அம்பாறை நகரப் பள்ளிவாசலும், அதை அடுத்து திகனையும் தாக்கப்பட்டன.

பிறகு 2020. முந்திய ஆண்டு நவம்பரில் முஸ்லிம் காங்கிரஸும் மக்கள் காங்கிரஸும் சஜித் பிரேமதாசவை ஆதரித்தன. கோட்டாபய ராஜபக்ஷ வென்றார். 2020 ஏப்ரலிலிருந்து கொவிட் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. ஒக்டோபர் 22ஆம் திகதி, ஜனாதிபதிக்கு அதிகாரத்தைக் குவிக்கும் 20ஆவது திருத்தத்துக்கு ஆதரவாக 156 வாக்குகள். அவற்றில் 8 எதிரணியிலிருந்து வந்தவை. அந்த 8 பேரில் 6 பேர் முஸ்லிம்கள். இரு கட்சித் தலைவர்களும் எதிர்த்து வாக்களித்தார்கள் என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

156இலிருந்து 8ஐக் கழித்துப் பாருங்கள்: 148. தேவை 150. 2010 போல் இது பெறுமதி இல்லாத வாக்கு அல்ல. அந்த இரவில் அந்த வாக்குகளுக்கு ஒரு விலை இருந்தது. எரிப்பை நிறுத்தும் வர்த்தமானியை முதலில் வெளியிடுங்கள், பிறகு கை உயர்த்துகிறோம் என்று சொல்லியிருக்கலாம். வாக்கு போனது, வர்த்தமானி வரவில்லை. டிசம்பரில் 20 நாள் குழந்தையின் ஜனாஸாவையும் எரித்தார்கள். அனுமதி 2021 பெப்ரவரி இறுதியில்தான் வந்தது. மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. இடையில் நான்கு மாதங்கள். அந்த நான்கு மாதத்தில் தன் உம்மாவையோ வாப்பாவையோ நெருப்புக்குக் கொடுத்தவர்களுக்கு இது வெறும் அரசியல் கணக்கு அல்ல.

2024இல் இன்னொரு பாடம். பொதுஜன பெரமுனவின் பாராளுமன்ற உறுப்பினர்களில் பெரும்பாலோர் தம் கட்சி வேட்பாளரை விட்டு ரணில் விக்கிரமசிங்கவை ஆதரித்தார்கள். அவருக்குக் கிடைத்தது 17.27 வீதம். உறுப்பினர் போனால் வாக்கும் கூடவே போகும் என்ற காலம் முடிந்துவிட்டது. சட்டமும் முன்பை விட இறுகியிருக்கிறது. கட்சியிலிருந்து நீக்கப்பட்டவரின் ஆசனம் 99(13) உறுப்புரையின்படி பறிபோகலாம். 2023 ஒக்டோபரில் நஸீர் அஹமட்டும், 2024 ஒகஸ்டில் ஹரின் பெர்னாண்டோவும் மனுஷ நாணயக்காரவும் உயர் நீதிமன்றத் தீர்ப்பினால் அப்படித்தான் ஆசனம் இழந்தார்கள்.

ஆகவே அடுத்த தடவை நம் ஊர் மேடையில் ஒருவர் ஏறி "இவருக்கு வாக்களியுங்கள்" என்று மறு கட்சி வேட்பாளரின் கையைத் தூக்கிக் காட்டும்போது, துரோகி என்றும் கத்த வேண்டாம், தக்பீரும் சொல்ல வேண்டாம். மூன்று கேள்விகளைக் கேட்போம். சமூகத்துக்காக எதைக் கேட்டீர்கள்? அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது? வாக்களிப்புக்கு முந்தி வருமா, பிந்தி வருமா? பதிலைப் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் ஒட்டக்கூடிய ஒரு தாளில் தரச் சொல்வோம்.

1988இல் அப்படி ஒரு தாள் இருந்தது. அது சட்டப் புத்தகத்திலேயே இருந்தது.

1988 தேர்தலில் வாக்களித்த மூத்தவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அந்த நாட்களில் ஊரில் நடந்ததைக் கீழே எழுதுங்கள். எழுத முடியாதவர்களிடம் பேரப்பிள்ளைகள் கேட்டு எழுதுங்கள். அல்லாஹ் நம் சமூகத்துக்குத் தெளிவைத் தருவானாக.