நீதிமன்றக் கோமாளிக்கூத்து

நீதிமன்றக் கோமாளிக்கூத்து என்பது வழக்கு விசாரணையைக் களமாகக் கொண்டு, தடுக்கி விழுதல், மோதல், ஆள்மாறாட்டம், பேச்சுக் குளறுபடி ஆகியவற்றால் சிரிக்க வைக்கும் நாடக, திரைப்பட நகைச்சுவை வகை. தமிழில் இதற்குத் தாய்வீடு சென்னை. பகலில் கறுப்பு கோட்டு அணிந்தவர்கள் மாலையில் அரிதாரம் பூசிக்கொண்ட ஊர் இது. வழக்காடு மன்றத்தை உள்ளிருந்து அறிந்தவர்களே இங்கே நகைச்சுவை மேடையையும் கட்டி எழுப்பினார்கள்.

தொன்மை

உடலால் சிரிக்க வைக்கும் இந்தக் கலையின் ஆங்கிலப் பெயரான 'ஸ்லாப்ஸ்டிக்', இத்தாலிய நாடகக் கோமாளிகள் கையில் வைத்திருந்த இரட்டைப் பலகைக் கோலிலிருந்து வந்தது. அடி மெல்ல விழும். ஓசை மட்டும் பலமாகக் கேட்கும். நீதிமன்றத்தைக் கேலி செய்யும் வழக்கமோ அதற்கும் மிக மூத்தது. கி.மு. 422-இல் ஏதென்ஸில் அரங்கேறிய அரிஸ்டோபனீஸின் 'குளவிகள்' நாடகத்தில், பாலாடைக்கட்டியைத் திருடிய நாய் ஒன்று விசாரிக்கப்படுகிறது.

தமிழகத்திலும் ஒரு நாய் உண்டு. 7-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் வடமொழியில் இயற்றிய 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் நகைச்சுவை நாடகம் காஞ்சிபுரத்தில் நடக்கிறது. குடிபோதையில் இருக்கும் காபாலிகன் பிச்சை ஏற்கும் தன் மண்டையோட்டுக் கபாலத்தைத் தொலைத்துவிட்டு, பௌத்தத் துறவி ஒருவர்மீது திருட்டுப் பழி சுமத்துகிறான். அவனுடைய துணைவி தேவசோமை துறவியின் தலைமயிரைப் பிடித்திழுக்கப் பாய்கிறாள். மழித்த தலையில் பிடிக்க ஏதுமில்லாமல் கீழே விழுகிறாள். வழக்கை மன்றத்துக்குக் கொண்டுபோகலாம் என்ற பேச்சு எழும்போது, விகாரங்களின் செல்வம் உள்ள துறவி அதிகாரிகளின் வாயை அடைத்துவிடுவார், ஏழைகளான நமக்கு அங்கே என்ன வேலை என்று அவளே மறுக்கிறாள். உண்மையில் கபாலத்தைக் கவ்விச் சென்றது ஒரு நாய். விழுந்து புரளும் சிரிப்புக்குள் நீதி விலைபோவதைப் பற்றிய கவலையை ஒரு மன்னனே வைத்திருக்கிறான் என்பது வியப்புக்குரியது.

வழக்கறிஞர் வளர்த்த மேடை

பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964) வழக்கறிஞர். சென்னை சிறு வழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் இருந்தார். 1891-இல் அவர் தொடங்கிய சுகுண விலாச சபை, நடிப்பைக் கௌரவக் குறைவாக எண்ணிய காலத்தில் படித்தவர்களை மேடையேற்றியது. எஸ். சத்தியமூர்த்தி போன்ற வழக்கறிஞர்கள் அதில் நடித்தார்கள். பம்மலின் 'சந்திரஹரி', அரிச்சந்திரன் கதையைத் தலைகீழாக்கி, பொய் தவிர வேறெதுவும் பேசாத ஒருவனை நாயகனாக்கியது. 'சபாபதி'யில் முதலாளிக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர். டி.ஆர். ராமச்சந்திரனும் காளி என். ரத்தினமும் நடித்து 1941-இல் அது படமாயிற்று. பொய்சாட்சியும் ஆள்மாறாட்டமும் கோர்ட்டில் அன்றாடம் காண்பவை. அவற்றையே பிரகசனத்தின் அச்சாக மாற்றியதில் பம்மலின் தொழில் அறிவு தெரிகிறது.

அடுத்த தலைமுறையில், மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் படித்து வழக்கறிஞராகப் பணியாற்றிய சோ ராமசாமி, விவேகா ஃபைன் ஆர்ட்ஸ் குழுவின் வழியே குறுக்கு விசாரணையின் கூர்மையை அரசியல் நையாண்டியாக்கினார். அவருடைய 'உண்மையே உன் விலை என்ன?' மேடையிலிருந்து 1976-இல் திரைக்கும் வந்தது.

இயங்கும் முறை

சபா மேடையில் கோர்ட்டை எழுப்ப அதிகம் தேவையில்லை. உயரமான ஒரு நாற்காலி, ஒரு மேசை, இருபுறமும் இடுப்பளவு மரக்கூண்டு போதும். டவாலி மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். மூன்றாவது அழைப்புக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் அவசரமாகக் கூண்டில் ஏறுகிறார். சத்தியம் செய்த பிறகுதான் தன் வழக்கு பக்கத்து ஹாலில் என்பது அவருக்குத் தெரிகிறது. யார் எங்கே நிற்பது, எப்போது பேசுவது, எப்படி விளிப்பது என்று எல்லாவற்றுக்கும் விதி உள்ள இடம் கோர்ட். அதனால் சின்னஞ்சிறு தவறும் அங்கே பெரிதாகத் தெரிகிறது. நடிகர் விழுவதைவிட, விழுந்தவரைப் பார்த்து நீதிபதி முகம் மாறாமல் அமர்ந்திருப்பதே சிரிப்பை வளர்க்கும்.

'ஆர்டர், ஆர்டர்' என்று மரச்சுத்தியால் தட்டும் நீதிபதி அயல்நாட்டுப் படங்களிலிருந்து வந்தவர். இந்திய நீதிமன்றங்களில் சுத்தி தட்டும் வழக்கம் இல்லை.

சபாவும் திரையும்

மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ், ரசிக ரஞ்சனி சபா, தி.நகர் வாணி மகால் ஆகிய அரங்குகள் நகைச்சுவை நாடகங்களுக்கு நிலையான ரசிகர்களைத் தந்தன. அந்த ரசிகர்கள் வளர்த்த கிரேசி மோகன், கே.எஸ். ரவிக்குமார் இயக்கிய 'அவ்வை சண்முகி' (1996) படத்துக்கு வசனம் எழுதினார். மணமுறிவு வழக்கில் மகளைப் பிரியும் தந்தையின் துயரமே அந்தப் படத்தின் ஆள்மாறாட்டச் சிரிப்புக்கெல்லாம் வேர். ஷாஜி கைலாஸ் இயக்கிய 'எல்லாம் அவன் செயல்' (2008) படத்தில் வடிவேலு ஏற்ற வக்கீல் வண்டுமுருகன், தமிழர்களின் அன்றாடப் பேச்சில் ஒரு பெயர்ச்சொல்லாகவே ஆகிவிட்டார்.

சட்டமும் சிரிப்பும்

1954-ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிகள் சட்டம், மேடையேற்றத்துக்கு முன்பே நாடகப் பிரதியைக் காவல்துறையிடம் காட்ட வைத்தது. பரீக்ஷா நாடகக் குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில், 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. நாடகக்காரர்கள் நூற்றாண்டுக்கும் மேலாகக் கூண்டையும் கறுப்பு கோட்டையும் வைத்துச் சிரிக்க வைத்த ஊரில், அந்தச் சிரிப்புக்கான உரிமையை நீதிமன்றமே காத்துக் கொடுத்தது.

"கோர்ட்டுப் படி ஏறாமல் காலம் போகணும்" என்று வேண்டிக்கொள்ளும் மக்கள் நடுவே பிறந்த கலை இது. படியேற அஞ்சுபவர் டிக்கெட் வாங்கிக்கொண்டு அதே கூண்டின் எதிரே உட்கார்ந்து சிரிக்கிறார். அந்த இரண்டு மணி நேரமும் விசாரிக்கும் இடத்தில் இருப்பவர் அவர்தான்.